புராஸ்டேட் வீக்கம்: மாத்திரையோடு ஓட்டலாமா, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

ஸ்கேன் சென்டரிலிருந்து வரும் தாளில் ‘புராஸ்டேட் வீக்கம், கிரேடு 2, 52 கிராம்’ என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் எல்லோருடைய கண்ணும் அந்த வரியில்தான் போய் நிற்கும். 52 என்றால் அதிகமா, மாத்திரையில் கரையுமா, வெட்டித்தான் எடுக்க வேண்டுமா என்று அன்று இரவே பேச்சு தொடங்கிவிடும். முடிவெடுக்க உதவும் எண் அது இல்லை. அதே தாளில் இரண்டு வரி தள்ளி, சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று மில்லியில் போட்டிருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளவயதில் அது சுமார் 20 கிராம். நாற்பதுக்கு மேல் பெரும்பாலோருக்கு மெல்ல வளரும். வளர்ந்ததெல்லாம் அடைப்பதில்லை. சுரப்பி வெளிப்பக்கமாக வளர்ந்தவர் 90 கிராமை வைத்துக்கொண்டு நிம்மதியாக நீர் கழிப்பார். சுரப்பியின் நடுப்பகுதியான நடுமடல் மட்டும் பையின் கழுத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பவருக்கு 30 கிராமே போதும். முக்க முக்க அது மூடிபோல் வாயில் வந்து உட்காரும், நீர் நின்றுவிடும். அதனால் கிராமையும் கிரேடையும் வைத்து ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது அரைகுறைக் கணக்கு. கிராம் பயன்படுவது பின்னால், எந்த மாத்திரை, எந்த ஆபரேஷன் என்று தேர்ந்தெடுக்கும்போது.

பை என்ன சொல்கிறது

சிறுநீர்ப்பை ஒரு தசை. வாசல் குறுகினால் அது அதிக பலத்தோடு தள்ளும். தள்ளித் தள்ளித் தடிக்கும். ஸ்கேனில் பைச்சுவர் 5 மி.மீ.க்கு மேல் காட்டும். இந்தக் கட்டத்தில்தான் அவசரமாக முட்டுவது, அடக்க முடியாமல் ஓடுவது எல்லாம் வரும். இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் தசை களைத்துப்போகும். அப்போது முட்டுகிற உணர்வே குறைந்து, தொல்லை தணிந்ததுபோல் தோன்றும். உண்மையில் மிச்ச நீர் ஏறிக்கொண்டிருக்கும். தளர்ந்துபோன பையைத் திரும்ப முறுக்கேற்ற மாத்திரையும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. இந்த முடிவில் காலம் தாழ்த்துவதால் வரும் உண்மையான நஷ்டம் இதுதான்.

மிச்ச நீர் 50 மில்லிக்குள் என்றால் கவலை இல்லை. 50 முதல் 150 வரை கவனித்து வரலாம். திரும்பத் திரும்ப 200, 300க்கு மேல் நின்றால், தொல்லை இருக்கிறதோ இல்லையோ, யூராலஜி மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் இந்த எண்ணும் பொய் சொல்லும். ஸ்கேனுக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, பை 700 மில்லிக்கு ஊதியபின் ‘போய்விட்டு வாருங்கள்’ என்றால் நல்ல பைகூட முழுசாகக் காலியாகாது. தாளில் 180 என்று விழும். வெளியே ஐந்து பேர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிற கழிப்பறையில் இன்னும் மோசம். சாதாரணமாக முட்டும்போது போய், ஐந்து நிமிடம் நின்று இரண்டாவது முறையும் போய்விட்டு, அதற்குப் பிறகு அளக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு அளவை வைத்து எந்த முடிவும் வேண்டாம்.

இதோடு யூரோஃப்ளோ என்றொரு சோதனை. புனல் பொருத்திய இயந்திரத்தில் நீர் கழித்தால் தாரையின் வேகத்தைக் கோடாக வரைந்து கொடுக்கும். குறைந்தது 150 மில்லியாவது போயிருந்தால்தான் அது செல்லும். உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் நல்லது. 10க்குக் கீழே என்றால் பெரும்பாலும் அடைப்பு. பெரும்பாலும்தான். வாசல் குறுகியிருந்தாலும் தாரை மெலியும், பை பலமிழந்திருந்தாலும் மெலியும். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. இருபது வருடச் சர்க்கரைக்காரருக்கு, பக்கவாதம் வந்தவருக்கு, பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு இந்தச் சந்தேகம் கட்டாயம் எழ வேண்டும். பையிலும் ஆசனவாயிலும் மெல்லிய குழாய் வைத்து அழுத்தம் பார்க்கும் யூரோடைனமிக் சோதனை அதைப் பிரித்துக் காட்டும். கூச்சமான சோதனைதான். ஆனால் பை தள்ளவே இல்லை என்று தெரியாமல் வாசலை மட்டும் அகலப்படுத்தினால், ஆபரேஷனுக்குப் பிறகும் நீரை வெளியேற்றும் டியூபோடுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

இரவு நாலு முறை எழுவது

ஆபரேஷன் முடிந்தவர்களின் பெரிய ஏமாற்றம் இது: ‘தாரை நல்லா வருது, ஆனா ராத்திரி எந்திரிக்கிறது குறையலை.’ காரணம், பலருக்கு அந்த எழுச்சி புராஸ்டேட்டால் வந்ததே இல்லை. கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி உண்டு. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று, ஒரு நோட்டு. மூன்று நாள், ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று எழுதுங்கள். படுத்தபின் போனதையும் காலையில் எழுந்ததும் போகும் முதல் நீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். ஒரு நாளின் மொத்த நீரில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் உடம்பு இரவில்தான் நீரை உற்பத்தி செய்கிறது. மாலையில் கால் வீங்குகிறவர், அதிலும் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்குகிறவர், படுத்ததும் காலில் நின்ற நீர் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகப் பைக்கு வரும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, இருதயத் தளர்ச்சி, இரவு எட்டு மணிக் காபி இவையும் அதைத்தான் செய்யும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுப்பதும், மருத்துவரிடம் கேட்டு மாத்திரையையோ நீர் மாத்திரையின் நேரத்தையோ மாற்றுவதும் இவர்களுக்கு எந்த லேசரை விடவும் உதவும்.

நோட்டில் ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லி மட்டுமே இருந்தால் கதை வேறு. அது பையின் தொல்லை, புராஸ்டேட்டோடு சம்பந்தம் இருக்கலாம்.

மருத்துவமனையில் ஏழு கேள்வி கொண்ட ஒரு தாளும் தருவார்கள், மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசான தொல்லை, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. ‘வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் எப்படி இருக்கும்’ என்று தனியாக ஒரு கேள்வி அதில் உண்டு. மதிப்பெண்ணைவிட அந்தப் பதிலுக்குத்தான் எடை அதிகம். மகனோ மருமகளோ நிரப்பித் தரக் கூடாது. அவரே நிரப்ப வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவது

மதிப்பெண் 7க்குள், மிச்ச நீர் குறைவு, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் மருந்தே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நீராகாரத்தை நிறுத்துவது, மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வது, வெளியூர்ப் பேருந்தில் ஐந்தாறு மணி நேரம் அடக்கி வைக்காமல் இருப்பது ஆகியவை உண்மையாகவே பலன் தரும். போய்விட்டு வேட்டியைச் சரிசெய்தபின் நாலு சொட்டு நனைக்கிறதே, அது குழாயின் வளைவில் தங்கிய நீர். விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து முன்பக்கமாக நீவிவிட்டால் வெளியேறிவிடும். அதற்கு மருந்து தேட வேண்டியதில்லை.

கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைதான் இவர்களுடைய எதிரி. மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின், தூக்கம் வரவைக்கும் குளோர்ஃபெனிரமின், வயிற்றுவலிக்கான டைசைக்ளோமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின் இவற்றில் எதுவும் பாதி அடைப்பை முழு அடைப்பாக்கிவிடும். மழைக்காலத்தில் சளி மாத்திரை இரண்டு போட்டு, மறுநாள் விடியுமுன் அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் ஏராளம்.

சா பால்மெட்டோ என்ற தாவரச் சாறு விலை உயர்ந்த டப்பாக்களில் வருகிறது. அமெரிக்காவில் 369 பேரிடம், வழக்கமான அளவின் மூன்று மடங்கு வரை கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட ஒரு துளியும் மேலாக இல்லை. நெருஞ்சில் குடிநீரும் வாழைத்தண்டுச் சாறும் நீரைப் பெருக்குவதற்கென்று குடிப்பவை. பெருக்கினால் வாசல் திறக்காது. மிச்ச நீர் நிறைய நிற்பவருக்கு அது கூடுதல் சுமை.

மாத்திரை: இரண்டு குடும்பம், இரண்டு வேலை

முதல் குடும்பம் பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தும். டாம்சுலோசின் 0.4 மி.கி., அல்ஃபுசோசின் 10 மி.கி., சிலோடோசின் 8 மி.கி. ஆகியவை வழக்கமான அளவு. சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சிலோடோசின் 4 மி.கி. சில நாட்களிலேயே தாரை மாறுவது தெரியும். நான்கு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த மாத்திரை உங்களுக்குச் சரிவரவில்லை. டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளை உணவுக்கு அரை மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து இரத்தத்தில் சட்டென்று ஏறி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கிறவர் நடுராத்திரி எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இந்த மாத்திரைக்காரர்கள் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

இரண்டு பக்கவிளைவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உறவின்போது விந்து வெளியே வராமல் போகலாம், சிலோடோசினில் அது மிக அதிகம். நிறுத்தினால் திரும்பிவிடும், கெடுதல் இல்லை. மற்றது கண்ணுக்கு. கண்புரை ஆபரேஷனின்போது பாவை விரியாமலும் கருவிழித்திரை தளர்ந்து துவண்டும் தொல்லை தரும். மாத்திரையை நிறுத்திச் சில வாரம் ஆனாலும் இது நேரலாம். எனவே கண்புரை ஆபரேஷன் இருப்பவர் அதை முடித்துவிட்டு மாத்திரையைத் தொடங்குவது நல்லது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர் கண் மருத்துவரிடம் மாத்திரை அட்டையையே காட்டிவிட வேண்டும்.

இந்தக் குடும்பம் சுரப்பியைச் சுருக்காது. வாசலைத் தளர்த்தித் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது குடும்பம் சுருக்கும்: ஃபினாஸ்டிரைடு 5 மி.கி., டியூடாஸ்டிரைடு 0.5 மி.கி. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் சுரப்பியை நான்கில் ஒரு பங்கு வரை குறைக்கும். 30, 40 கிராமுக்கு மேல் இருப்பவர்களுக்கே பலன் தெரியும். 25 கிராம்காரருக்கு இதை எழுதிக் கொடுப்பதில் பொருளில்லை. இரண்டு மாதம் சாப்பிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார்கள். ஆசைக்குறைவு, விறைப்புக் குறைவு, மார்பில் வலியோடு வீக்கம் சிலருக்கு வரும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையையோ கசிந்த கேப்சூலையோ தொடக் கூடாது. டியூடாஸ்டிரைடு சாப்பிடுகிறவர் நிறுத்தி ஆறு மாதம் வரை இரத்ததானம் செய்யக் கூடாது.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று, புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் இரத்தச் சோதனையான பி.எஸ்.ஏ.வின் கணக்கு. இந்த மாத்திரைகள் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும். தாளில் 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். ‘4க்குள்தானே’ என்று ஆய்வகத் தாளை நம்பி மடித்து வைத்தால் புற்றுநோய் ஒன்று அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். மாத்திரை தொடங்குமுன் ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் காலத்தில் அது ஏறத் தொடங்கினால், எண் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், விசாரிக்க வேண்டும். நீர்க்கிருமித் தொற்று இருந்தபோதோ டியூப் போட்ட சமயத்திலோ எடுத்த பி.எஸ்.ஏ. பயன்படாது, ஆறு வாரம் கழித்து எடுக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று 3047 ஆண்களை நாலரை ஆண்டுபோல் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2003இல் வந்தது. தொல்லை முற்றுவது சேர்க்கையில் 66 சதவீதம் குறைந்தது. தனித்தனியாகக் கொடுத்தால் அதில் பாதி சொச்சம்தான். முழு அடைப்பையும் ஆபரேஷனையும் குறைத்ததில் சுருக்கும் மாத்திரையின் பங்கே பெரிது. தளர்த்தும் மாத்திரை அவற்றைத் தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை. ஆகவே பெரிய சுரப்பி, நடுத்தரத் தொல்லை, மிச்ச நீர் குறைவு என்றால் இரண்டும் சேர்ந்த கேப்சூல் நியாயமான தேர்வு. அது ஆண்டுக்கணக்கில் ஓடும் செலவு என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

விறைப்புக் குறைவும் இருப்பவருக்கு டாடலாஃபில் 5 மி.கி. தினமும் தருவதுண்டு, இரண்டுக்கும் உதவும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர், நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் சட்டைப்பையில் வைத்திருக்கிறவர், இதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாக இறங்கும். அவசர முட்டல் மட்டும் மிஞ்சியவருக்குப் பையை அமைதிப்படுத்தும் சொலிஃபெனாசின், மிராபெக்ரான் உண்டு. முன்னது வாயை உலர்த்தி மலத்தைக் கட்டும். வயதானவருக்குக் குழப்பமும் தரலாம். பின்னது கட்டுக்கடங்காத இரத்த அழுத்தக்காரருக்கு ஆகாது. மிச்ச நீர் 150, 200க்கு மேல் உள்ளவருக்கு இவற்றைத் தருவது ஆபத்து.

மாத்திரைக் காலம் முடிந்தது என்று எப்போது சொல்வது

டியூபை எடுத்த பிறகும் திரும்ப அடைத்துக்கொள்வது, திரும்பத் திரும்ப நீர்த்தொற்று, பையில் கல், மாத்திரையிலும் நிற்காமல் சிறுநீரில் இரத்தம் போவது, அடைப்பினால் சிறுநீரகம் வீங்கி, அதன் வேலைத்திறனைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்த அளவு ஏறுவது. இவற்றில் ஒன்று வந்துவிட்டால் ஒப்பீடு முடிந்தது, வாசலைத் திறந்தாக வேண்டும். இவற்றோடு இன்னொரு அடையாளத்தையும் வீட்டார் மனதில் வைக்க வேண்டும். எழுபது வயதுக்காரர், இதுவரை இல்லாமல், இரவில் தெரியாமல் படுக்கையை நனைக்கிறார் என்றால் அது முதுமை என்று ரப்பர் விரிப்பு வாங்கிப் போடாதீர்கள். நிரம்பி வழிகிற பையாக இருக்கலாம். வலியே இருக்காது, ஒரு லிட்டர் தேங்கி நிற்கும், சிறுநீரகம் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அன்றே ஸ்கேனும் கிரியாட்டினினும் பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல், மாத்திரை பிடிக்கவில்லை, பக்கவிளைவு தாங்கவில்லை, பலன் போதவில்லை என்று ஆபரேஷனுக்குப் போவதும் முறையான காரணமே. அறுபத்தைந்தில் உடம்பு நன்றாக இருக்கும்போது செய்துகொள்வது, எண்பதில் இருதயத் தளர்ச்சியோடு அவசரமாகச் செய்வதைவிடப் பல மடங்கு மேல்.

எந்த ஆபரேஷன்

டி.யு.ஆர்.பி.தான் நம் ஊரில் அதிகம் நடப்பது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்தபின், நீர்க்குழாய் வழியே கருவியை விட்டு, மின்கம்பி வளையத்தால் சுரப்பியைச் சீவல் சீவலாக எடுப்பார்கள். வயிற்றில் தையல் இல்லை. 30 முதல் 80 கிராம் வரைக்கும் ஏற்றது, ஒரு மணி நேரம்போல் ஆகும். டியூப் இரண்டு மூன்று நாள், மருத்துவமனையில் மூன்று நாலு நாள். பழைய முறையில் 1.5 சதவீத கிளைசின் நீரைப் பாய்ச்சிக்கொண்டே செய்வார்கள். அது இரத்தத்தில் அதிகம் கலந்தால் சோடியம் இறங்கி, குமட்டல், பார்வை மங்கல், குழப்பம் வரும். பைபோலார் கருவியில் சாதாரண உப்புநீரே போதும் என்பதால் அந்த ஆபத்து இல்லை. இருதயம் பலவீனமானவர் ‘பைபோலாரா’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வீண் கேள்வி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் யூராலஜி பிரிவுகளில் வழக்கமாக நடக்கும் ஆபரேஷன் இது.

ஹோலெப் என்பது ஹோல்மியம் லேசர். ஆரஞ்சுத் தோலிலிருந்து சுளையைக் கழற்றுவதுபோல் சுரப்பியின் உள்பகுதியை முழுசாகக் கழற்றிப் பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். 1990களில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங்கின் குழு உருவாக்கிய முறை. 60 கிராமும் 160 கிராமும் இதற்கு ஒன்றுதான். இரத்தப்போக்கு குறைவு, டியூப் பெரும்பாலும் ஒரு நாள். டி.யு.ஆர்.பி. செய்தவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்கு மறுபடி செய்ய வேண்டிவரும். ஹோலெப்பில் பத்தாண்டு சேர்த்தே ஏறக்குறைய அவ்வளவுதான். கையைவிட்டு எடுக்கும் திறந்த ஆபரேஷன் ஒரு காலத்தில் பெரிய சுரப்பிக்கு ஒரே வழி. அதைப் பரவலாக்கிய பீட்டர் ஃப்ரேயர், லண்டனுக்குப் போகுமுன் இருபது ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் பைக்கல் எடுத்துக் கைதேர்ந்தவர். இன்று பெரிய கல்லும் சேர்ந்து இருந்தாலோ லேசர் வசதி இல்லாவிட்டாலோதான் அந்த வழி.

அப்படியென்றால் எல்லோரும் ஹோலெப்புக்குப் போகலாமே? அது கற்க நாளாகும் ஆபரேஷன், ஐம்பது பேருக்காவது செய்தபின்தான் கை படியும் என்பது துறையில் பொதுவான கணக்கு. முதல் சில வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரை, இருமினால் தும்மினால் நீர் கசியும். இடுப்புத் தளத் தசைப் பயிற்சியில் பெரும்பாலும் நின்றுவிடும். ‘லேசர்’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். 50 கிராம் சுரப்பிக்கு, ஆயிரம் டி.யு.ஆர்.பி. செய்த கை, இருபது ஹோலெப் செய்த கையைவிட நல்ல தேர்வு. 110 கிராம் என்றால் ஹோலெப் நன்றாகத் தெரிந்தவரைத் தேடி அடுத்த ஊருக்குப் போவதில் தவறில்லை. ‘மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்’ என்று மருத்துவரிடமே மரியாதையோடு கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் சேர்கிறவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட முறை திட்டத்தில் வருகிறதா, லேசருக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு விலை உண்டு. டி.யு.ஆர்.பி., ஹோலெப், திறந்த ஆபரேஷன் மூன்றிலும் பத்தில் ஏழு பேருக்கு மேல் விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடும், திரும்ப மாறாது. விறைப்பும் சுகமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், வெளியே எதுவும் வராது. குழந்தை வேண்டும் என்கிறவருக்கு இது பெரிய விஷயம். மற்றவர்களும் மனைவியோடு பேசிவிட்டுப் போவது நல்லது; பிறகு தெரிந்து மனம் உடைகிறவர்கள் உண்டு.

விந்து வெளிவருவதைக் காக்க விரும்புகிறவருக்கு இரண்டு புது வழிகள். யூரோலிஃப்ட் என்பது சுரப்பியை வெட்டாமல், சின்ன உலோகக் கொக்கிகளால் இருபக்கமும் இழுத்துக் கட்டி வாசலைத் திறந்து வைப்பது. ஐந்தாண்டில் நூற்றில் பதின்மூன்று, பதினான்கு பேர் மறுபடி வேறு ஏதாவது செய்துகொண்டார்கள். ரெசூம் என்பது ஊசிவழியே நீராவியை ஒன்பது ஒன்பது நொடியாகச் செலுத்தித் திசுவை வாட வைப்பது. டியூப் சில நாள், முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம். இரண்டும் நடுத்தர அளவுக்கு மட்டும். தாரை டி.யு.ஆர்.பி. அளவுக்கு வேகம் பிடிக்காது. கையிலோ தொடையிலோ இரத்தக்குழாய் வழியே போய்ப் புராஸ்டேட்டுக்கான இரத்தத்தை அடைக்கும் எம்போலைசேஷன், மயக்கமே தாங்காத உடம்புக்கும் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தவே முடியாதவருக்கும் ஒரு வழி. 30 கிராமுக்குள், நடுமடல் இல்லாதவருக்குப் பையின் கழுத்தில் ஒன்றிரண்டு கீறல் மட்டும் போடுவதே பல நேரம் போதும். இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை என்பதால் கேட்டால்தான் தெரியும்.

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் குளோபிடோக்ரெல்லை ஐந்து நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். ஆனால் ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகவில்லை என்றால் இருதய மருத்துவர் எழுதித் தராமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நீர் அடைப்பைச் சில மாதம் டியூபில் சமாளிக்கலாம், ஸ்டென்ட் அடைத்தால் சமாளிக்க நேரமே இருக்காது.

டியூபோடு இருப்பது

ஆபரேஷன் தாங்க மாட்டார், பை வேலை செய்யவில்லை என்ற நிலையில் இரண்டு வழி. நிரந்தர டியூப், அல்லது ஒரு நாளில் நாலு முறை தானே மெல்லிய குழாயை விட்டு நீரை எடுத்துவிட்டுக் கழற்றுவது. இரண்டாவதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். கற்றுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை: சோப்புப் போட்டுக் கைகழுவி, ஜெல்லி தடவி, நீர் வரும்வரை உள்ளே விட்டு, நின்றதும் மெல்ல இழுப்பது. ஒரு தடவையில் 400, 500 மில்லிக்கு மேல் வராதபடி இடைவெளியை வைத்துக்கொள்ள வேண்டும். தொற்று நிரந்தர டியூபைவிடக் குறைவு, இடுப்பில் நீர் சேரும் பிளாஸ்டிக் பை தொங்காது, கோயில் திருவிழாவுக்குப் போய்வரலாம். கை நடுங்காத, கண் தெரிகிற எவருக்கும் முதலில் இதைத்தான் சொல்வோம்.

நிரந்தர டியூபென்றால் சிலிகான் டியூப் மேல். 12 வாரம் வரை தாங்கும். ரப்பர் டியூபைச் சில வாரத்திலேயே மாற்ற வேண்டும். டியூபில் மாட்டிய பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டாமல் விட்டால் பையின் எடை இழுத்து இழுத்து ஆணுறுப்பின் நுனியே கிழியும். டியூபைச் சுற்றிக் கசிகிறது, ஆனால் பிளாஸ்டிக் பையில் நீர் ஏறவில்லை என்றால் டியூப் அடைத்திருக்கிறது. துணி சுற்றிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமல் நீர் கலங்கலாகத் தெரிவதற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் வேண்டாம், டியூப் இருக்கும் எல்லோருடைய நீரிலும் கிருமி இருக்கும்.

திடீரென்று அடைத்துக்கொண்டால், ஆபரேஷன் முடிந்து வந்தால்

முட்டுகிறது, அடிவயிறு கல்லாக நிற்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை. அப்போது பார்லி கஞ்சி, இளநீர் என்று கொடுக்காதீர்கள், வலி கூடும். வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வரவில்லையென்றால் உடனே மருத்துவமனை. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தால் அன்றே வீட்டுக்கு அழைத்துவராதீர்கள். சிலருக்கு மணிக்கு 200 மில்லிக்கு மேல் நீர் பொழிந்துகொண்டே இருக்கும். உப்புச் சத்து இறங்கி மயங்கிவிடுவார்கள், ஒரு நாள் கவனிப்பில் இருக்க வேண்டும். அல்ஃபுசோசின் அல்லது டாம்சுலோசின் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்ப்பது சரியான வழி. மாத்திரை இல்லாமல் மறுநாளே எடுத்தால் திரும்ப அடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவருக்கு இரண்டாவது வார முடிவில் உள்ளே பொருக்கு உதிரும்போது நீர் சிவப்பாகலாம். தண்ணீர் அதிகம் குடித்துப் படுத்திருந்தால் ஒரு நாளில் தெளியும்; கட்டி கட்டியாக வந்து நீர் நின்றால் உடனே போக வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்குவது, பைக் ஓட்டுவது, மலம் கழிக்க முக்குவது மூன்றும் கூடாது. அவசர முட்டல் அந்த ஆறு வாரத்துக்கு இருக்கத்தான் செய்யும். ஆபரேஷன் பலிக்கவில்லை என்று பயந்து வேறு மருத்துவரைத் தேடிப் போகாதீர்கள்.

எடுத்த சீவல்களைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த அறிக்கை டிஸ்சார்ஜ் ஆகிற அன்று வந்திருக்காது, ஒரு வாரம் கழித்து வரும். தாரை நன்றாக வருகிறது என்ற மகிழ்ச்சியில் பலர் அதை வாங்கவே போவதில்லை. போய் வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். ஆபரேஷனில் எடுப்பது சுரப்பியின் உள்பகுதியை மட்டும். புற்றுநோய் அதிகம் வருகிற வெளித்தோடு உள்ளேயே இருக்கிறது. ஆகவே அறிக்கை சுத்தமாக வந்தாலும், மூன்று மாதம் கழித்து ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து அந்த எண்ணை அதே கோப்பில் எழுதி வையுங்கள். இனி வரும் பி.எஸ்.ஏ. ஒவ்வொன்றையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.